ஊரின் பெயர் யாருக்குச் சொந்தம்? வைன் போத்தலில் தொடங்கி சிலோன் தேயிலை வரை

கொழும்பில் வைன் வாங்குகிறவர்கள் முதலில் விலையைப் பார்ப்பார்கள், பிறகு சிவப்பா வெள்ளையா என்று பார்ப்பார்கள். லேபிளில் உள்ளதை முழுக்க வாசிப்பவர்கள் குறைவு. கொள்ளுப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ ஒரு சுப்பர்மார்க்கெட்டின் மதுபானப் பகுதிக்குப் போய் (போயா தினமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்) ஜேக்கப்ஸ் கிரீக் போத்தல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் ஜேக்கப்ஸ் கிரீக் என்பது ஒரு கம்பனியின் வியாபாரக் குறி. அதே பெயரில் தென் அவுஸ்திரேலியாவின் பரோஸா பள்ளத்தாக்கில் நிஜமாகவே ஓர் ஓடை ஓடுகிறது. கீழே சிறிய எழுத்தில், சில போத்தல்களில், 'சவுத் ஈஸ்டேர்ன் அவுஸ்திரேலியா' என்று இருக்கும். அது புவிசார் குறியீடு, அதாவது பொருள் விளைந்த இடத்தைச் சொல்லும், சட்டம் காக்கும் பெயர். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டஸ்மேனியா மூன்றும் முழுதாகவும், குயின்ஸ்லாந்திலும் தென் அவுஸ்திரேலியாவிலும் ஒரு பகுதியும் அதற்குள் அடக்கம். ஷிராஸ் என்றும் போட்டிருக்கலாம். அது திராட்சை இனத்தின் பெயர், யாருக்கும் சொந்தமில்லை.

ஆக, பெரிய எழுத்து ஓர் ஓடையைச் சொல்கிறது, சிறிய எழுத்து அரைக் கண்டத்தைச் சொல்கிறது. இரண்டும் சட்டப்படி சரிதான். அவுஸ்திரேலிய விதிப்படி, புவிசார் குறியீடாக ஒரு பெயரைப் போட்டால் போத்தலில் உள்ளதில் குறைந்தது 85 சதவீதம் அந்தப் பகுதித் திராட்சையாக இருக்க வேண்டும். கணக்கு ஒத்துப்போக வேண்டியது அந்தச் சிறிய எழுத்தோடு.

இந்த இரண்டு உரிமைகளும் ஒரே பெயரின் மேல் ஏறும்போதுதான் சிக்கல். வியாபாரக் குறிக்கு உரிமையாளர் என்று ஒருவர் இருப்பார். அவர் அதை விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், பத்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டே போகலாம். புவிசார் குறியீட்டை அப்படி விற்க முடியாது. எல்லைக்குள் காணி உள்ள எவரும், விதிப்படி செய்கிற எவரும் அந்தப் பெயரைப் போடலாம். எல்லைக்கு வெளியே ஒரு அடி தள்ளியிருப்பவர் எவ்வளவு நல்ல வைன் செய்தாலும் போட முடியாது. ஒன்றில் 'நான் முந்தி வந்தேன்' என்பதே வாதம். மற்றதில் 'இது எங்கள் மண்' என்பதே வாதம். எந்த வாதம் வெல்லும் என்பதை வைன் சட்டம் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் வேறு வேறாகத் தீர்த்திருக்கிறது. அந்தத் தீர்வுகளில் கொள்கையைவிடப் பேரம்தான் அதிகம் என்பது என் கருத்து.

ஸ்பெயினின் பெனெடெஸ் பகுதியில் டொரெஸ் என்ற குடும்பம் 1870 முதல் வைன் செய்கிறது. மிகெல் டொரெஸ் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த குறி. போர்த்துகலில், லிஸ்பனுக்கு வடக்கே, டொரெஸ் வெட்ராஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதுவும் வைன் ஊர்தான். 1989இல் ஐரோப்பிய சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) கொண்டுவந்த லேபிள் விதி ஊர்ப் பெயருக்கே முதலிடம் கொடுத்தது: ஊர்ப் பெயரோடு மோதும் வியாபாரக் குறி, எவ்வளவு பழையதாக இருந்தாலும், சில வருட அவகாசத்துக்குப் பிறகு போக வேண்டும். அப்படியே விட்டிருந்தால் டொரெஸ் குடும்பம் தன் சொந்தப் பெயரைத் தன் போத்தலில் போட முடியாமல் போயிருக்கும். ஸ்பெயின் சும்மா இருக்குமா? 1991இல் விதி திருத்தப்பட்டது. நன்கு அறியப்பட்ட குறியாக இருந்து, ஊர்ப் பெயருக்கு அரச அங்கீகாரம் கிடைப்பதற்குக் குறைந்தது 25 வருடம் முன்னரே பதிவாகி, இடைவிடாமல் பாவனையில் இருந்தால் தொடரலாம் என்றானது. பொது விதிபோல எழுதப்பட்ட இந்த வரி யாருக்காக எழுதப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்கச் சட்டப் புலமை தேவையில்லை.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கு என்றால் விலை தானாக ஏறும். பிரான்சியா குடும்பத்தின் பிரொன்கோ என்ற வைன் கம்பனி, 2000ஆம் ஆண்டளவில் 'நாபா ரிட்ஜ்' என்ற குறியை விலைக்கு வாங்கியது. நாபாவைச் சேராத, மலிவான திராட்சையில் செய்த வைனை அந்தப் பெயரில் விற்கப் பார்த்தது. இது அப்பட்டமான ஏமாற்று என்று தோன்றும். ஆனால் மத்திய அரசின் விதியில் ஓர் ஓட்டை இருந்தது: 1986 ஜூலை 7க்கு முன் அங்கீகாரம் பெற்ற குறியாக இருந்தால், லேபிளில் உண்மையான திராட்சைப் பகுதியைச் சொல்லிவிட்டால் போதும். 'முந்தி வந்தவர்' வாதத்தின் தூய வடிவம் இது. அந்த முந்திய உரிமையைக் காசு கொடுத்து வாங்கலாம் என்பதுதான் இதில் எரிச்சலான விஷயம். நாபா விவசாயிகள் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார்கள். 2000இல் கலிபோர்னியா தனிச் சட்டமே போட்டது: நாபா என்ற சொல் குறியில் இருந்தால் 75 சதவீதத் திராட்சை நாபாவிலிருந்து வர வேண்டும், பழைய குறி புதிய குறி என்ற பேச்சே இல்லை. பிரொன்கோ வழக்குப் போட்டது. மத்திய விதி இருக்கும்போது மாநிலம் இதைவிடக் கடுமையாகச் சட்டம் போடலாமா என்பது கேள்வி. போடலாம் என்று 2004இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் சொன்னது.

உலக அளவில் இதற்கெல்லாம் அடிப்படை, 1995 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ட்ரிப்ஸ் என்ற புலமைச் சொத்து உடன்படிக்கை. உலக வர்த்தக அமைப்பில் இருக்கும் எல்லா நாட்டையும்போல இலங்கையையும் அது கட்டுப்படுத்துகிறது. அதன் 22ஆம் உறுப்புரை எல்லாப் பொருளுக்கும் பொதுவானது: ஊர்ப் பெயரைத் தவறாகப் பயன்படுத்தி மக்களைத் தவறான எண்ணத்துக்குக் கொண்டுபோனால் தடுக்கலாம். 23ஆம் உறுப்புரை வைனுக்கும் ஸ்பிரிட் வகை மதுபானங்களுக்கும் மட்டும். அதில் யாரும் ஏமாந்தார்களா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 'சிலி நாட்டு ஷாம்பெயின்' என்று உண்மையான நாட்டைப் போட்டாலும் தவறு. 'ஷாம்பெயின் வகை', 'ஷாம்பெயின் பாணி' என்று போட்டாலும் தவறு. அத்தகைய பெயர் அடங்கிய வியாபாரக் குறியை, அந்த ஊரைச் சேராத வைனுக்குப் பதிவு செய்யவும் கூடாது.

வைனுக்கு இந்தத் தனி மரியாதை ஏன்? தேயிலைக்கும் கறுவாவுக்கும் மண்ணோடு தொடர்பு இல்லையா என்று கேட்டால் நேர்மையான பதில் ஒன்றுதான். ட்ரிப்ஸைப் பெற்றெடுத்த உருகுவே சுற்று வர்த்தகப் பேச்சுவார்த்தையில் ஐரோப்பா வைனுக்காக அழுத்திக் கேட்டது, வாங்கியது. நுவரெலியாவில் உயரமும் பனியும் காற்றும் தேயிலையின் சுவையில் தெரியும் அளவுக்கு, பர்கண்டியின் சுண்ணக்கல் திராட்சையில் தெரிகிறது. விஞ்ஞானத்தில் வித்தியாசம் இல்லை, மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். இந்தப் பாரபட்சத்தை நீக்கி 23ஆம் உறுப்புரையை எல்லாப் பொருளுக்கும் விரிக்க வேண்டும் என்று ஜெனீவாவில், உலக வர்த்தக அமைப்பில், கேட்டுவரும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. அந்த அமைப்பின் 2001 தோஹா பிரகடனத்தில் அதற்கு ஒரு பந்தி ஒதுக்கப்பட்டது. இன்னும் முடிவு வரவில்லை.

23ஆம் உறுப்புரையைப் படித்துவிட்டு, ஊருக்கே வெற்றி என்று நினைத்துவிட வேண்டாம். 24ஆம் உறுப்புரை கொடுத்ததில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. நல்லெண்ணத்தில் முன்னரே பதிவான வியாபாரக் குறிக்குப் பாதிப்பு வரக்கூடாது. உள்நாட்டில் பொதுப் பெயராகிவிட்ட சொல்லைக் காப்பாற்ற வேண்டியதில்லை. 1995க்கு முன் ஒரு நாட்டில் வழக்கத்தில் இருந்த திராட்சை இனப் பெயரையும் அப்படியே விடலாம். கலிபோர்னியா ஷாம்பெயின் இன்றும் உயிரோடு இருப்பது இப்படியான விலக்கின் புண்ணியத்தில்தான். 2006இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் செய்த வைன் உடன்படிக்கை, புதிதாக யாரும் ஷாம்பெயின், போர்ட், ஷெரி என்று போடக்கூடாது என்றது. அதுவரை போட்டுக்கொண்டிருந்தவர்கள் தொடரலாம் என்றும் விட்டுவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வைன் விதியில் இப்போது மோதல் மூன்று விதமாக முடிகிறது. குறியீட்டுக்குப் பிறகு வந்த வியாபாரக் குறி என்றால் பதிவே கிடைக்காது. முன்னரே நல்லெண்ணத்தில் பதிவான குறி என்றால் குறியீட்டோடு சேர்ந்தே வாழலாம். இரண்டு பேரும் ஒரே சொல்லைப் போடுவார்கள், வாங்குகிறவர் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாவது அபூர்வம்: பழைய குறி மிகப் புகழ்பெற்றது, குறியீட்டைப் பதிந்தால் மக்கள் குழம்புவார்கள் என்றால் குறியீடே மறுக்கப்படும். இரண்டாவது வழி, அதாவது சேர்ந்து வாழ்வது, வியாபாரக் குறி உரிமையாளரின் ஏகபோகத்தைக் குறைக்கிறது என்று அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. வழக்கு உணவுப் பொருட்களுக்கான ஐரோப்பிய விதியைப் பற்றியது. அப்படிச் சேர்ந்து வாழ்வதை ஒரு மட்டான விதிவிலக்காக அனுமதிக்கலாம் என்று 2005இல் தீர்ப்புக் குழு சொன்னது. வெளிநாட்டவரை நடத்திய விதத்தில் மட்டும் ஐரோப்பா மாட்டிக்கொண்டது.

ஊர்ப் பெயரின் வலிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஷாம்பெயின்தான் அளவுகோல். லண்டனில் 1958இல் 'ஸ்பானிய ஷாம்பெயின்' விற்றவர்கள் மேல் போட்ட குற்றவியல் வழக்கு தோற்றது. பிரெஞ்சு நிறுவனங்கள் சிவில் வழக்காகத் திரும்பி வந்து 1960இல் வென்றன. வியாபாரக் குறிச் சட்டத்தின் உறவினரான பழைய ஆங்கிலப் பொதுச் சட்ட வழியில், ஒரு பெயரை ஒரு கம்பனி அல்ல, ஓர் ஊரின் உற்பத்தியாளர் கூட்டமே சேர்ந்து காக்கலாம் என்று நிறுவிய வழக்கு இது. 1993இல் பாரிஸ் நீதிமன்றம் ஈவ் சேன் லோரன் நிறுவனத்தின் 'ஷாம்பெயின்' என்ற வாசனைத் திரவியத்தை நிறுத்தியது. வாசனைத் திரவியத்தை வைன் என்று யாரும் குடிக்கப் போவதில்லை. ஆனாலும் அந்தப் பெயரின் பளபளப்பில் இலவசமாகக் குளிர் காய முடியாது என்பதே காரணம். 2021இல் 'சம்பனில்லோ' என்ற ஸ்பானிய தபாஸ் (சிற்றுண்டி) கடைகளின் பெயர் பற்றிய வழக்கில், பொருள் வேறாக இருந்தாலும், சேவையாகவே இருந்தாலும், வாசிக்கிறவர் மனதில் ஷாம்பெயின் நேராக நினைவுக்கு வந்தால் போதும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது.

இதே ஷாம்பெயின், சொந்தப் பெயருள்ள ஊரையே வாய்மூட வைத்தும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் ஷாம்பெயின் என்றே ஒரு கிராமம் இருக்கிறது. அவர்களும் வைன் செய்கிறார்கள், நுரை வராத வெள்ளை வைன். ஐரோப்பாவும் சுவிட்சர்லாந்தும் 1999இல் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, 2004 முதல் அந்தக் கிராமத்து வைனில் கிராமத்தின் பெயரைப் போட முடியாது. 'எங்கள் மண்' வாதம் அவர்களிடம் முழுதாக இருந்தது. பேரம் பேசியது அவர்களல்ல. சுவிட்சர்லாந்துக்கு அந்த உடன்படிக்கையில் வேறு பல சலுகைகள் தேவைப்பட்டன.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஸ்கொட்லாந்தின் ஐலா தீவில் போர்ட் ஷார்லட் என்ற கிராமம் இருக்கிறது. அந்தப் பெயரில் வந்த விஸ்கியை போர்த்துகலின் போர்ட் வைன் அமைப்பு எதிர்த்தது. போர்ட் என்றால் அங்கே துறைமுகம், யாரும் போர்த்துகலை நினைக்க மாட்டார்கள் என்று 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தக் குறியைக் காப்பாற்றியது.

இப்போது நடக்கும் சண்டைகளில் நம் பிராந்தியத்துக்கு மிக நெருக்கமானது ப்ரொசெக்கோ. அது நெடுங்காலம் திராட்சை இனத்தின் பெயராகவே இருந்தது. அவுஸ்திரேலியர்கள் அந்த நம்பிக்கையில் விக்டோரியாவின் கிங் பள்ளத்தாக்கில் நட்டார்கள். 2009இல் இத்தாலி ஒரு வேலை செய்தது: திராட்சைக்கு 'க்ளேரா' என்று பெயர் மாற்றியது, த்ரியெஸ்தே அருகே ப்ரொசெக்கோ என்றொரு ஊர் இருப்பதைச் சுட்டிக்காட்டி, வடகிழக்கு இத்தாலியின் பெரிய பகுதியையே ப்ரொசெக்கோ என்ற குறியீட்டுக்குள் கொண்டுவந்தது. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்க முடியாது. சிங்கப்பூரில் இத்தாலியக் கூட்டமைப்பு இதைப் பதியப் போனபோது அவுஸ்திரேலியர் எதிர்த்தார்கள். இனப் பெயர் அடங்கியிருப்பதால் மக்கள் குழம்பக்கூடும் என்று உயர் நீதிமன்றம் அவுஸ்திரேலியாவின் பக்கம் நின்றது. 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: ப்ரொசெக்கோ ஓர் இனப் பெயர் என்பது சரி, ஆனால் சிங்கப்பூர் மக்கள் அதனால் குழம்புவார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பதிவை அனுமதித்தது. எங்கோ உள்ள இரண்டு வைன் நாடுகளின் சண்டையை, திராட்சையே விளையாத மூன்றாம் நாட்டின் நீதிமன்றம் தன் கடைத்தெரு மக்களின் அறிவை வைத்து முடித்திருக்கிறது. கொழும்பில் நாளைக்கு இப்படி ஒரு வழக்கு வந்தாலும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

சரி, நம் சட்டம் என்ன சொல்கிறது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 161ஆம் பிரிவு புவிசார் குறியீட்டைப் பற்றியது. விவசாய விளைபொருளையும் உணவையும் வைன், ஸ்பிரிட் வகைகளோடு அது ஒரே வரிசையில் வைக்கிறது. ஜெனீவாவில் கேட்டுக் கிடைக்காததை உள்நாட்டில் நாமே எழுதிக்கொண்டோம். ஆனால் உள்நாட்டுச் சட்டம் கட்டுநாயக்காவோடு நின்றுவிடும். சிலோன் டீ என்று பொய் சொல்லி விற்பது நடப்பதோ வெளிநாட்டில். அதுவும் 2022இல் திருத்தச் சட்டம் வரும்வரை குறியீடுகளைப் பதிவதற்கென்று இங்கே தனிப் பதிவேடு இல்லை. நீண்ட காலம் நம் கையில் இருந்த ஆயுதம் வியாபாரக் குறிதான்: தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை. நூறு சதவீதம் இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது, தரத்தில் தேறியது என்றால் மட்டுமே சபை அதைப் பாவிக்க விடும். பல நாடுகளில் பதிவு செய்து வைத்திருக்கிறது.

வியாபாரக் குறியை வைத்து ஊரைக் காப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் அனுபவித்துச் சொல்லியிருக்கிறார். டெல்டா என்ற பிரெஞ்சு உள்ளாடைக் கம்பனி 'டார்ஜிலிங்' என்ற பெயரை ஐரோப்பாவில் பதிய விண்ணப்பித்தது. இந்தியத் தேயிலைச் சபை, தன்னிடமிருந்த கூட்டுக் குறியை வைத்து எதிர்த்தது. கூட்டுக் குறி என்பதும் வியாபாரக் குறியின் ஒரு வகையே. அதன் வேலை ஒரு சங்கத்தின் அங்கத்தவர் பொருளை மற்றவர் பொருளிலிருந்து பிரித்துக் காட்டுவது, ஊரைச் சான்றுபடுத்துவதல்ல என்று 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊர்ப் பெயருக்குள்ள தனிப் பலம் அதற்கு வரவில்லை. சம்பனில்லோவில் ஷாம்பெயினுக்குக் கிடைத்ததையும் உள்ளாடையில் டார்ஜிலிங்குக்குக் கிடைக்காததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொல்லின் புகழில் வித்தியாசம் பெரிதில்லை. ஷாம்பெயின் புவிசார் குறியீடாக வாதாடியது, டார்ஜிலிங் வியாபாரக் குறியாக வாதாடியது. கொல்கத்தாவில் ஒரு ஹோட்டலின் 'டார்ஜிலிங் லவுன்ஜ்' மேல் போட்ட வழக்கிலும் சபைக்குத் தடையுத்தரவு கிடைக்கவில்லை.

நம் ஏற்றுமதியாளர் சிலர் இன்னும் 'சிங்கம் இருக்கும்போது குறியீடு எதற்கு' என்று கேட்பதுண்டு. சிங்கத்தைக் கள்ளமாக ஒட்டினால் சிங்கம் பிடிக்கும், அது உண்மை. சிங்கத்தை ஒட்டாமல், 'சிலோன்' என்று மட்டும் போட்டு, பாதிக்குப் பாதி வேறு நாட்டுத் தேயிலையைக் கலந்து விற்பவரைச் சிங்கத்தால் என்ன செய்ய முடியும்? அந்தச் சொல்லையே காக்கக் குறியீடு வேண்டும். கறுவா அந்த வழியில் முந்திவிட்டது: 2022 பெப்ரவரியில் சிலோன் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட புவிசார் குறியீடானது. இலங்கைக்கு அங்கே கிடைத்த முதலாவது அதுதான். தென்னங்கள்ளிலிருந்து வடிக்கும் நம் சாராயத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இத்தனைக்கும் அது ஸ்பிரிட். 23ஆம் உறுப்புரையின் முழுப் பலத்தையும் ஜெனீவாவில் கெஞ்சாமலே கேட்கக்கூடிய நம் பொருள் அது ஒன்றுதான்.

தேயிலைக்குக் குறியீடு கேட்கும்போது இன்னொரு முடிச்சையும் அவிழ்க்க வேண்டியிருக்கும். சிங்க இலச்சினை 'இலங்கையில் பொதி செய்தது' என்பதை நிபந்தனையாக வைக்கிறது. குறியீடோ விளைந்த மண்ணைப் பற்றியது. மொத்தமாக வாங்கிக் கொண்டுபோய் வெளிநாட்டில் பெட்டியில் போடுகிறவரின் தேயிலையும் நூற்றுக்கு நூறு தலவாக்கலைக் கொழுந்தாக இருக்கலாம். அவர் சிலோன் என்று போடலாமா? வைனில் இதே கேள்வி ரியோகாவுக்கு வந்தது. ரியோகா வைனை அந்தப் பகுதியிலேயே போத்தலில் அடைக்க வேண்டும் என்று ஸ்பெயின் சொன்னபோது, மொத்தமாக வாங்கிப் போத்தலில் அடைத்து வந்த பெல்ஜியம் வழக்குப் போட்டது. தரத்தையும் பெயரின் மதிப்பையும் காக்க அந்த நிபந்தனை தேவை என்று 2000இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஸ்பெயினின் பக்கம் நின்றது. பொதி செய்யும் வேலை இங்கேயே இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பு நல்ல துணை. கொழும்பு ஏலத்தில் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றுகிறவர்களுக்கு அது பிடிக்காது. குறியீட்டின் நிபந்தனைகளைச் சொல்லும் விவரக்குறிப்பை எழுதும் மேசையில் இந்த இரண்டு தரப்பும் கட்டாயம் இருப்பார்கள். கொழுந்து பறிக்கிற மலையகத்தவருக்கு அங்கே ஒரு கதிரை போடப்படுமா என்று தெரியவில்லை. ஷாம்பெயின் கூட்டமைப்பிலே திராட்சைத் தோட்டக்காரருக்கும் வைன் நிறுவனத்துக்கும் சம பலம் உண்டு.